படித்ததால் வந்ததா இந்த நோய்?

கேள்வி: என் மகனுக்கு இப்போது 13 வயது. தரம் 4இல் படிக்கும்போது காலையில் எழும்பினால் தலையிடி, சத்தி. பள்ளிக்குப் போகாமலிருக்கக் கள்ளம் பண்ணுகிறான் என்று நினைத்து ஏசினேன். ஒருநாள் அடித்தும் விட்டேன். பிறகு நடை தள்ளாடத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்தபோது சிறுமூளையில் மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டி என்றார்கள். கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்ட் பிடித்து (கதிர்வீச்சுச் சிகிச்சை), ஊசி மருந்தும் ஏற்றினார்கள். இப்போது ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள், "புலமைப்பரிசிலுக்குப் படி படியெண்டு நச்சரிச்சுத்தான் புள்ளைக்கு இப்பிடியாச்சு" என்கிறார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததால் நாவூறு பட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அண்மையில் வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் வந்தன. கூடப் படித்தவர்களுக்கு மூளைப் புற்றுநோய் அதிகம் என்று ஒன்று. மூளை வேலை செய்யச் செய்யக் கட்டி வளரும் என்று மற்றது. பயத்தில் டியூசனை நிறுத்தி விட்டேன். பள்ளிக்கும் வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் அனுப்புகிறேன். போகிற நாளிலும் கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்க மாட்டான், சொன்னதை மறந்து விடுகிறான். "கவனமில்லை, சோம்பல்" என்கிறார் டீச்சர். படிப்பை ஒரேயடியாக நிறுத்தி விடவா?
— ஒரு தாய், திருக்கோவில்

பதில்:

அன்பான அம்மா,

வருகிற திங்கட்கிழமை மகனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். வாரத்தில் ஐந்து நாளும் போகட்டும். காரணத்தை விரிவாகச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதை வாசித்து முடிக்கிற நேரம்வரை கூட நீங்கள் அந்தப் பயத்தோடு இருக்க வேண்டாம் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

நீங்கள் நச்சரித்ததால் அந்தக் கட்டி வரவில்லை. பிள்ளைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படுவது மெடுலோபிளாஸ்டோமாதான். புலமைப்பரிசில் பரீட்சை என்ற ஒன்றே இல்லாத நாடுகளிலும் இது வருகிறது. பள்ளி வாசலை மிதிக்காத 2 வயதுப் பிள்ளைக்கும் வருகிறது. 2012இல் ஆய்வாளர்கள் இதை நான்கு வகையாகப் பிரித்து ஒரு பொது இணக்கத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு வகையும் எந்தக் கலத்திலிருந்து தொடங்குகிறது என்று தேடிப் போனவர்களை அந்தத் தேடல் கொண்டுபோய் விட்ட இடம், பின்மூளை உருவாகிற பருவம். அதாவது பிள்ளை வயிற்றில் இருக்கும் காலமும் அதை ஒட்டிய காலமும். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகக் காட்டின: முதிர்ந்து நரம்புக் கலமாக மாறியிருக்க வேண்டிய சில கலங்கள் மாறாமல் இடையில் நின்று விடுகின்றன, பிறகு எப்போதோ பெருகத் தொடங்குகின்றன. இதைக் கேட்டு, "கர்ப்பமாக இருந்தபோது என்ன பிழை விட்டேனோ" என்று புதிதாக ஒரு கவலையைத் தூக்கிக் கொள்ளாதீர்கள். ஒரு சிறு பங்கினருக்குப் பிறவியிலேயே பரம்பரை அலகில் இருக்கும் மாற்றம் காரணமாகிறது. மற்றப் பெரும்பாலானோருக்குக் கலங்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைதான். நீங்கள் சாப்பிட்டதோ, வேலை செய்ததோ, படி என்று சொன்னதோ அதில் எங்கும் இல்லை.

அடித்ததைப் பற்றி எழுதியிருக்கும் வரியைப் பல தடவை வெட்டித் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுமூளையில் கட்டி வந்தால் மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும். எழும்பியதும் தலையிடி, ஒரு சத்தி. எடுத்த பிறகு கொஞ்சம் சுகம். ஒன்பது மணிக்குப் பிள்ளை முற்றத்தில் விளையாடும். பள்ளி மணி அடிக்கும்வரை நோய், மணி அடித்த பிறகு சுகம் என்றால் எந்தத் தாயும் கள்ளம் என்றுதான் நினைப்பாள். இதை வயிற்றுக் கோளாறு என்று எடுத்து மருந்து கொடுத்து அனுப்பும் வைத்தியர்கள் உலகம் முழுக்க உண்டு. வசதிக்குக் குறைவில்லாத பிரித்தானியாவிலேயே பிள்ளைகளின் மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்க முதல் அறிகுறியிலிருந்து 14 வாரமளவில் போய்க்கொண்டிருந்தது. 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்று ஓர் இயக்கமே நடத்தி, பெற்றோருக்கும் வைத்தியர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அது 7 வாரத்துக்குக் கீழே வந்தது. வைத்தியர்களுக்கே பிடிபடாதது உங்களுக்குப் பிடிபடாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் அடித்தது பிள்ளைக்கு நினைவிருக்கும். ஒருமுறை பக்கத்தில் இருத்தி, "அண்டைக்கு எனக்கு விளங்கல்ல மகன், அடிச்சது பிழை" என்று சொல்லி விடுங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

இனி வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள். இரண்டுமே வெறும் கட்டுக்கதை இல்லை. உண்மையான ஆய்வுகளிலிருந்து வெட்டி எடுத்து, தலையும் காலும் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

முதலாவது சுவீடனில் நடந்தது, 2016இல் வெளியானது. 1911க்கும் 1961க்கும் இடையில் பிறந்த 43 இலட்சம் பேரின் பதிவுகளை 1993 முதல் 2010 வரை பார்த்தார்கள். கட்டாயக் கல்வியோடு நின்றவர்களை விட, பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாவது படித்த ஆண்களுக்கு கிளையோமா என்ற மூளைக் கட்டி 19 வீதமும், பெண்களுக்கு 23 வீதமும் கூடுதலாக இருந்தது. 19 வீதம் என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் கிளையோமா வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வருகிற நோய். அது 19 வீதம் கூடினால் ஏறத்தாழ 7 பேர். அந்த வித்தியாசத்துக்கும் படிப்புத்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. படித்தவர்கள் தங்கள் உடம்பில் ஒரு மாற்றம் தெரிந்தால் விரைவாக வைத்தியரிடம் போவார்கள், போனால் நோய் பதிவாகும், இப்படியும் விளக்கலாம். இதெல்லாம் வளர்ந்தவர்களின் கதை. உங்கள் மகனுக்கு வந்த கட்டி அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இரண்டாவதை நான் இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் வைத்தியர் மிஷெல் மோன்ஜேயின் குழு 2015இல் ஒன்றைக் கண்டது. எலிகளின் மூளையில் மனிதக் கிளையோமாக் கலங்களை வைத்து, பக்கத்து நரம்புக் கலங்களை ஒளியால் தூண்டியபோது கட்டி வேகமாகப் பெருகியது. நரம்புக் கலங்கள் விடுகிற நியூரோலிஜின்-3 என்ற புரதத்தைக் கட்டி தனக்குச் சாதகமாக்கிக் கொள்கிறது என்றும் தெரிந்தது. 2019இல் அவர்களும் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் குழுவினரும் அடுத்த படிக்குப் போனார்கள். கிளையோமாக் கலங்கள் நரம்புக் கலங்களோடு நேரடியாகவே இணைப்புப் போட்டு மின்சைகைகளை வாங்குகின்றன என்று காட்டினார்கள். மூளைப் புற்றுநோயைப் பார்க்கிற விதத்தையே மாற்றிய வேலை அது, அதன் பெருமையைக் குறைக்க மாட்டேன்.

ஆனால் "படித்தால் கட்டி வளரும்" என்பது அதிலிருந்து வராது. மூளை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. மகனை வீட்டில் இருத்தினால் ரிவி பார்ப்பான், போனில் விளையாடுவான், ஜன்னலால் பார்த்து யோசிப்பான், தூங்கினால் கனவு காண்பான். எல்லாவற்றிலும் நரம்புக் கலங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கணக்குக் கொப்பியை மூடினால் மூளை ஓயாது. இந்த ஆய்வுகள் பார்த்தது மூளைக்குள் இருந்த கிளையோமாக் கட்டிகளை. உங்கள் மகனுக்கு வந்தது வேறு நோய், அதுவும் ஸ்கேனில் இப்போது இல்லை. ஆய்வாளர்கள் தேடுவது அந்த இணைப்பை அறுக்கும் மருந்தை. வலிப்புக்குக் கொடுக்கும் பெரம்பனல் போன்ற மருந்துகளை அதற்காகச் சோதிக்கிறார்கள். நோயாளியின் கையிலிருக்கும் புத்தகத்தைப் பறிக்கச் சொல்லி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

சரி, பிறகு ஏன் பிள்ளை இப்படி மந்தமாகி விட்டான்? உங்கள் கடிதத்தில் நான் நீண்ட நேரம் நின்ற இடம் இதுதான்.

கட்டி அவனது அறிவைத் தின்று விடவில்லை. உயிரைக் காப்பாற்றிய சிகிச்சையே மூளையில் ஒரு தழும்பை விட்டுப் போயிருக்கிறது. இதையும் ஆராய்ந்தவர் அதே மோன்ஜேதான், மாணவியாக இருந்த காலத்தில். 2002இல் வந்த அந்த ஆய்வில், புது ஞாபகங்களைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புதுக் கலங்கள் பிறப்பதைக் கதிர்வீச்சு ஏறக்குறைய நிறுத்தி விடுகிறது என்று எலிகளில் கண்டார்கள். கலம் பிறக்க வேண்டிய இடத்தில் அழற்சி குடியிருப்பதுதான் பெரிய தடை என்பதும் தெரிந்தது. இன்னொரு பாதிப்பு, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறையில். அது குறைந்தால் செய்தி போகும் வேகம் குறையும். உங்கள் பக்கத்து வயல்களில் வரம்பு கரைந்த வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கடைசி வயலுக்கும் வந்து சேரும், பிந்தித்தான் வரும்.

2001இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் வைத்தியசாலையிலிருந்து வெளியான ஆய்வு ஒன்றை நான் பெற்றோர் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். மெடுலோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சுப் பெற்ற 44 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். வருடா வருடம் அவர்களின் ஐ.கியூ. புள்ளி இறங்கிக்கொண்டு போனது. படித்ததை இழக்கிறார்களா என்று பார்த்தால், இல்லை. அவர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒத்த வயதுப் பிள்ளைகளின் வேகத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஐ.கியூ. வயதோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு என்பதால் இடைவெளி வீழ்ச்சியாகத் தெரிந்தது. உங்கள் மகன் பின்னுக்குப் போகவில்லை அம்மா. மெதுவாக முன்னுக்குப் போகிறான். அப்படிப் போகிற பிள்ளையிடமிருந்து வாரத்தில் இரண்டு, மூன்று நாளைப் பறித்தால் இடைவெளி இன்னும் அகலும். அதை நோய் செய்யவில்லை, நாம் செய்கிறோம்.

கரண்ட் பிடிக்காமல் விட்டிருக்கலாமோ என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதை வாசித்ததும் அந்த நினைப்பு வரும். அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையான பிள்ளைகளுக்கு மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவை, கிரே என்ற அலகில் 23.4இலிருந்து 18ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். முடிவு 2021இல் வந்தது. வழமையான அளவு பெற்றவர்களில் 5 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 83 வீதம், குறைத்துப் பெற்றவர்களில் 71 வீதம். மகரகமவில் கொடுத்தது தேவையான சிகிச்சை. அதில் சந்தேகம் வைக்காதீர்கள்.

டீச்சருக்கு விளக்க வேண்டிய விஷயம் இது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது நமக்கு ஒரு வேலை. உங்கள் மகனுக்கு அது ஏழெட்டு வேலை. தலையை நிமிர்த்தி வரியைப் பிடிக்க வேண்டும், நாலு சொல்லை மனதில் வைத்திருக்க வேண்டும், குனிந்து கொப்பியில் விட்ட இடத்தைத் தேட வேண்டும், சிறுமூளையில் கத்தி பட்டதால் தடுமாறும் கையால் எழுத்தை உருட்ட வேண்டும், மூன்றாவது சொல்லில் நாலாவது மறந்து போக, திரும்ப நிமிர்ந்து வரியைத் தேட வேண்டும். அவன் பாதிக்கு வரும்போது டீச்சர் அழித்து விட்டு அடுத்த பந்தியைத் தொடங்கி விடுகிறார். பார்க்கிறவருக்கு அது சோம்பல். உள்ளே பிள்ளை வகுப்பில் எல்லோரையும் விடக் கூடுதலாக உழைத்துக் களைத்திருக்கிறான்.

ஆகவே பார்த்து எழுதும் வேலையை அவனிடமிருந்து எடுத்து விடுங்கள். டீச்சரின் குறிப்பையோ நன்றாக எழுதும் ஒரு கூட்டாளியின் கொப்பியையோ போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் அவன் பாடத்தைக் கேட்கட்டும். பத்துக் கணக்குக் கொடுத்தால் அவனுக்கு நாலு. நாலையும் சரியாகச் செய்தால் விளங்கி விட்டது என்றுதான் அர்த்தம். "புத்தகத்தை எடு, 42ஆம் பக்கம் திருப்பு, இரண்டாம் பயிற்சியைச் செய், முடிந்ததும் கொண்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தவணைப் பரீட்சையில் மேலதிக நேரம் கொடுக்க வேண்டும். டியூசனைப் பற்றி என் எண்ணத்தையும் சொல்கிறேன். ஐம்பது பேரோடு இருத்தி வேகமாக ஓட்டும் வகுப்புக்கு இப்போது அனுப்பாதீர்கள். கணிதத்துக்கு மட்டும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிற ஒருவர் கிடைத்தால் நல்லது.

இதையெல்லாம் நீங்கள் வாயால் சொன்னால் தாயின் செல்லம் என்று நினைப்பார்கள். அதனால் கடிதத்தோடு போங்கள். அடுத்த கிளினிக்கில், அல்லது உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் குழந்தை நல வைத்தியரிடம், என்ன நோய், என்ன சிகிச்சை, பள்ளியில் என்ன உதவி தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதிபருக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு ஒன்று. கோபத்தோடு போக வேண்டாம். அந்த டீச்சருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கிளினிக்குக்குப் போகும் அன்று இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். முதலாவது காது. வைத்தியசாலை தந்த நோய் விபர அட்டையை (டயக்னோசிஸ் காட்) எடுத்து, ஏற்றிய மருந்துகளில் சிஸ்பிளாட்டின் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அது. உயர்ந்த சுருதிச் சத்தங்களைக் கேட்கும் திறனை அது குறைக்கக் கூடும். வீட்டில் கூப்பிட்டால் திரும்புவான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம். வகுப்பில் மின்விசிறி இரைச்சலும் பக்கத்து வகுப்புச் சத்தமும் சேர்ந்தால் டீச்சரின் குரல் கேட்கும், ச, ஸ, ஷ போன்ற எழுத்துகள் கரைந்து சொல் விளங்காது. "கவனமில்லை" என்ற பெயரோடு திரியும் பிள்ளைகளில் சிலருக்குத் தேவைப்படுவது ஒரு கேட்டல் பரிசோதனைதான். முன் வாங்கில் இருத்தச் சொல்லிக் கடிதத்தில் எழுதுவதும் இதற்காகத்தான்.

அடுத்து தைரொயிட். தலைக்கும் முள்ளந்தண்டுக்கும் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கு வருடங்கள் கழித்துத் தைரொயிட் சுரப்பும் வளர்ச்சி ஹோமோனும் குறையலாம். தைரொயிட் குறைந்தால் அசதி, மந்தம், தூக்கம். இரத்தப் பரிசோதனையில் பிடிபட்டு விடும், குளிசையில் சரி செய்யலாம். உயரத்தையும் ஒழுங்காக அளக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கட்டையான பிள்ளையாகி விட்டானா என்று நீங்களே பார்த்தால் தெரியும்.

நல்ல செய்தியும் உண்டு. கனடாவின் டொரொண்டோவில் மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளை 12 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். மயலின் உள்ள வெண்பகுதியிலும் ஹிப்போகாம்பஸிலும் முன்னேற்றம் ஸ்கேனில் தெரிந்தது, எதற்கும் பதிலளிக்கும் வேகமும் கூடியது. 2017இல் வெளியான சிறிய ஆய்வுதான், ஆனால் செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் வேர்க்கும்வரை நடக்கட்டும், ஓடட்டும். மணலில் நடப்பது சமநிலைக்கும் பயிற்சி. ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும், கடலில் தனியே இறங்க விடக் கூடாது. பிரதான வீதியில் சைக்கிள் ஓடுவதை வைத்தியர் நடையையும் சமநிலையையும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டொரொண்டோக் குழுவின் இன்னொரு ஆய்வு 2020இல் வந்தது. மெட்போமின் குளிசை இந்தப் பிள்ளைகளின் ஞாபக சக்திக்கு உதவுமா என்று 24 பேரைக் கொண்டு தொடங்கிய ஆரம்பச் சோதனை. இதுவும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும், அதனால்தான் முந்திச் சொல்கிறேன். மெட்போமின் நீரிழிவு உள்ள எந்த வீட்டு அலுமாரியிலும் இருக்கும். அம்மம்மாவின் குளிசையை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்து விடாதீர்கள். பெரிய ஆய்வுகளில் நிரூபணமாகாத வைத்தியம் அது.

நாவூறு கழிப்பதென்றால் கழியுங்கள், கோயில் நேர்த்தி இருந்தால் நிறைவேற்றுங்கள். அதனால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. கிளினிக் தவணையும் ஸ்கேன் தவணையும் மட்டும் தவறக் கூடாது. சொந்தக்காரர்களோடு வாதாட வேண்டாம். "டொக்டர் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிட்டார்" என்று என் தலையில் போட்டு விடுங்கள்.

மகனிடமும் பேச வேண்டும். முதலாம் பிள்ளையாக வந்தவனுக்கு இப்போது தான் ஏன் பின்வாங்கில் இருக்கிறோம் என்று தெரியாது. தன்னை மொக்கன் என்று முடிவு கட்டியிருப்பான். என்ன நடந்தது, ஏன் நேரம் எடுக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். டீச்சருக்கு எழுதிய கடிதத்தை அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னும் மூன்று வருடத்தில் அவனுக்கு சாதாரண தரப் பரீட்சை. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் கொடுக்கிறது. மருத்துவ அறிக்கையோடு அதிபர் மூலமாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஓடித் திரிந்து எடுத்த ஒரு கடிதத்தை விட, தரம் 8 முதல் பள்ளியே மேலதிக நேரம் கொடுத்து வந்திருக்கிறது என்ற பதிவு உங்கள் பக்கத்தைப் பலமாக்கும். அதனால் இந்தத் தவணைப் பரீட்சையிலிருந்தே அதைத் தொடங்கச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கி, டயக்னோசிஸ் காட் இருக்கிற அதே பைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

— குழந்தை நல வைத்தியர், மட்டக்களப்பு